கீழ்க்கதவுச் சாவி

என் பாஸ் சிதம்பரத்துக்கு நம்பிக்கை என்ற சொல் ரொம்பப் பிடிக்கும். அதற்குச் செலவே இல்லை பாருங்கள். ஜெலாப்பாங்கில் உள்ள அவர் பட்டறையில், கடைகளுக்கான பணம் போடும் மெஷினை வடிவமைப்பது என் வேலை. கடைக்காரர் அன்றைய வசூலைப் போட்டால், மெஷின் அதை வாங்கிக் கீழே இருக்கும் இரும்புப் பெட்டியில் சேர்த்துவிடும்.

பழைய மெஷினுக்கு ஒரே கதவு, ஒரே சாவி. நோட்டு சிக்கினால் எடுக்க வரும் டெக்னீஷியனும் அதைத்தான் திறப்பார், பணத்தை அள்ளிப்போக வரும் வேன்காரரும் அதைத்தான் திறப்பார். என் வீட்டுக்காரர் கோலின் இங்கே டெக்னீஷியனாக இருந்தார். ஆயர் தாவாரில் சீனி என்பவரின் மினி மார்க்கெட்டில் ஒருநாள் மெஷினைத் திறந்து, சிக்கிய நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். சாயங்காலம் பணம் குறைந்தது. அன்று சாவி யாரிடம் இருந்தது? கோலினிடம். அவ்வளவுதான் விசாரணை. சீனியும் பாஸும் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். லாக்கப்பில் வைத்துவிட்டு, ஆதாரம் இல்லை என்று போலீஸ் விட்டுவிட்டது. அவர் எடுக்கவில்லை என்று மட்டும் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இப்போது அவர் வீடு வீடாக ஏர்கோன் கழுவி, ஏசி சர்வீஸ் செய்யப் போகிறார். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய எங்கள் தாமான் குடியிருப்பில், பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அவரைக் கூப்பிட்டுவிட்டு, வேலை முடியும்வரை அறையைவிட்டு நகர்வதில்லை.

அதனால்தான் புது மெஷினுக்கு இரண்டு கதவு வைத்தேன். மேல்கதவு டெக்னீஷியனுக்கு. கீழ்க்கதவு வேன்காரருக்கு, அதுவும் ஆபீஸ் அப்போதைக்கு அனுப்பும் எண்ணை அழுத்தினால்தான். நடுவில் கனத்த தகடு. ஒரு நோட்டு நுழையும் இடுக்கு மட்டும் உண்டு. எந்தக் கதவை யார் திறந்தாலும் மெஷின் பதிந்துகொள்ளும்.

வரைபடத்தைப் பார்த்ததும் பாஸ் உதட்டைப் பிதுக்கினார்.

"சீனி அண்ணே பெரிய ஆர்டர் தாராரு, ஷார்மேன். மஞ்சோங் வட்டாரம் முழுக்க அவரு கடைதான். ஒரே சாவியா கேக்குறாரு. மாத்திடு லா."

"முடியாது பாஸ்."

"நாமெல்லாம் ஒரு குடும்பம் மாதிரி. நம்பிக்கை வேணும்மா."

"குடும்பத்து ஆள உள்ள வெச்சது யாரு பாஸ்?"

அவர் முகம் கறுத்தது. "மாத்தாம கொண்டாந்தின்னா வேற வேல பாத்துக்க."

நான் மாற்றவில்லை.

சீனி மெஷினைப் பார்க்க வந்த அன்று, பாஸ் தன் கையிலிருந்த சாவியைக் கீழ்க்கதவில் போட்டுத் திருகினார். அசையவில்லை.

"அது மேல்கதவு சாவி பாஸ். கீழ திறக்காது. உங்களுக்கும் திறக்காது, எனக்கும் திறக்காது."

சீனி சிரித்தார். "யம்மா, ரெண்டு சாவியெல்லாம் சூசா லா, பெரிய தொல்ல. காசு காணாம போச்சுன்னா நான் யாரப் புடிக்கிறது? ஒரு சாவின்னா ஒரு ஆளு. வேல முடிஞ்சிச்சு."

எனக்குச் சுரீர் என்றது. ஒரே சாவி கேட்பதை இத்தனை நாள் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். அவருக்கு வேண்டியது பிடிப்பதற்கு ஒரு கழுத்து.

மூலையில் கிடந்த பழைய மெஷினின் சாவியை உருவி அவர் முன்னால் நீட்டினேன்.

"சரிண்ணே, ஒரே சாவி. பழைய பூட்டையே போட்டுத் தாரேன். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நோட்டு சிக்குனா நீங்களே வந்து திறங்க. காசு கொறஞ்சா ஒரே ஆளு, நீங்கதான். கடையில பங்கு வெச்சிருக்க உங்க மச்சானுங்க யாரக் கேக்கணும்னு தேடவே வேணாம்."

அவர் கை நீளவில்லை.

"புடிங்கண்ணே."

"என்னம்மா, என்னைய திருடன்னு சொல்றியா?"

"நான் சொல்லல. சாவி சொல்லும். கோலின சொன்ன மாதிரியே."

வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சீனி தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். கோலினும் அன்றைக்கு அப்படிக் கட்டிக்கொண்டிருக்கலாம். சம்பளம் வாங்குகிறவருக்கு அந்த வசதி கிடையாது. நீட்டிய சாவியைக் கோலின் வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு கதவே போடுங்க சிதம்பரம்," என்றார் சீனி கடைசியில்.

பாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியா ஷார்மேன், பேசுனா எல்லாம் சரியாயிடும்."

"சரியாகல பாஸ். நீங்க ரெண்டு பேரும் தொடப் பயப்படுற சாவியத்தான் என் வீட்டுக்காரர் கையில குடுத்தீங்க. அத வெச்சே அவர திருடன்னு எழுதியும் குடுத்தீங்க." சாவியை ஆர்டர் தாளின்மேல் வைத்தேன். "கையெழுத்து அப்புறம் போடலாம். மொதல்ல எங்க வீட்டுக்கு வாங்க. அவர் எடுக்கலன்னு வாசல்ல நின்னு சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்கும் கேக்கணும், கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க."