தட்டு வைத்த தேர்மோஸ்டட்

தலவிலப் பக்கத்தில் பழைய வான் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அரை மெக்கானிக்குகள்தான். எஞ்சினுக்குள் இருந்து சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டட் பழுதானால், புதிதாக வாங்கிப் போடுகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். "அது பனி கொட்டுற நாட்டுக்காரனுக்கு. எங்கட வெயிலுக்கு என்னத்துக்கு?" என்று கழற்றிக் கடலுக்குள் எறிவார்கள். யாகப்புவும் அப்படித்தான் எறிந்தார். போன வருடம், தன் கையால், பெருமையாக.

பிறகு கிட்ட ஓட்டங்களுக்கு வான் ஒரு குறையும் காட்டவில்லை. ஒரு பின்னேரம் மனைவி றோசமேரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். வானில் ஏற்றிப் புத்தளத்துக்கு விரட்டினார். நுரைச்சோலை தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறி, எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. வேறு வாகனம் ஒன்றை மறிப்பதற்குள் அவள் போய்விட்டாள். பின் சீட்டில், மகள் நிலானியின் மடியில்.

"கிழட்டு வான், அப்பா. நீங்க என்ன செய்வீங்க?" என்று செத்தவீட்டில் நிலானிதான் தகப்பனைத் தேற்றினாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மனுசன் ஐந்து மாதமாகச் சாப்பிட்டார், படுத்தார், எழும்பினார்.

இப்போது நிலானிக்குப் பிள்ளை பிறக்கும் மாதம் நெருங்கிவிட்டது. புருஷன் கட்டாரில். "அந்த வானில நான் ஏறமாட்டன்" என்று முதலில் ஒரேயடியாகச் சொன்னவள், ஒரு காலையில் தானாகவே மனம் இளகி, "திருத்தித் தாங்க அப்பா. அம்மா இருந்த சீட்டிலயே இருந்து போறன்" என்றாள். யாகப்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைத் தானே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், இந்த முறை பிந்தக் கூடாது. அதைவிட்டால் அவருக்கு இந்த உலகத்தில் வேறொன்றும் வேண்டியதில்லை.

றேடியேட்டரைக் கழுவினார். தண்ணீர்ப் பம்பை மாற்றினார். அப்படியும் பாலாவிவரை ஓட்டிப் பார்த்தால் முள் ஏறியது. கடைசியில் புத்தளத்தில் சரீப் நானாவின் பாட்ஸ் கடைக்குப் போய், அரை மனதோடு ஒரு தேர்மோஸ்டட் கேட்டார்.

சரீப் நானா எஞ்சின் இலக்கத்தை விசாரித்து, இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். மேலே இரண்டும் ஒரே மாதிரி. ஒன்றுக்கு மட்டும் அடியில் சின்னதாக ஒரு தட்டு இருந்தது.

"உங்கட எஞ்சினுக்கு இந்தத் தட்டு வெச்சதுதான் செரி. இங்க பாருங்க."

தேத்தண்ணிக்குக் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலை எடுத்து ஒரு கோப்பையில் ஊற்றி, அதற்குள் சாமானைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் மேல் வாய் திறந்தது. அடித்தட்டு மெல்லக் கீழே இறங்கியது.

"மேல திறந்தா தண்ணி ஆறுறதுக்கு றேடியேட்டருக்குப் போகும். கீழ ஒரு ஓட்ட இரிக்கி, அத இந்தத் தட்டு மூடும். மூடாட்டி சுடுதண்ணி ஆறாம எஞ்சினுக்குள்ளயே சுத்தும். வேற வான்ல இதக் கழட்டினாலும் ஓடும். உங்கட எஞ்சின்ல கழட்டி, தூரம் விரட்டினா கட்டாயம் கொதிக்கும். பழசு எங்க யாகப்பு?"

யாகப்பு கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார். "கடல்ல, நானா" என்றார்.

றோசமேரியின் அடக்கத்துக்கு வந்து போனவர் சரீப் நானா. அவருக்கு விளங்கிவிட்டது. "தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றார். யாகப்பு சாமானைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மிச்சக் காசைக்கூட வாங்காமல் நடந்தார்.

அன்றைக்கே அதை எஞ்சினில் பூட்டினார். மறுநாள் காலையில் புத்தளம் ஆஸ்பத்திரி வாசல்வரை ஒரே மூச்சில் ஓட்டினார். முள் நடுவை விட்டு அசையவில்லை. திரும்பி வரும்போது, றோசமேரியோடு நின்றுபோன அதே இடத்தில் வானை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைப் போட்டு அழுதார். ஒரு சின்னத் தட்டு. அது மட்டும் இருந்திருந்தால் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள்.

வீட்டில் நிலானி ஆயத்தமாக இருந்தாள். வான் வந்து நின்றதும், ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பையைப் பின் சீட்டில் வைத்து, தானும் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

"கொதிக்கயில்லையா அப்பா? என்ன பழுதாம்?"

கிழட்டு வான் என்று சொன்னால் போதும். அவளே தந்த சொல்தான் அது. யாகப்புவுக்கு அது வாயில் வரவில்லை.

"வானில பழுதில்ல மகள். நான் கழட்டி எறிஞ்ச சாமான்தான். அது இருந்திருந்தா கொதிச்சிருக்காது. அம்மாவ நேரத்துக்கு ஆஸ்பத்திரியில சேத்திருப்பன்."

தாய் படுத்திருந்த சீட்டை நிலானி கையால் ஒருமுறை தடவினாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, பையையும் இறக்கினாள்.

"பக்கத்து வீட்டு அன்ரன்ட ஓட்டோவுக்குச் சொல்லி வைங்க, அப்பா. நான் அதில போறன்."

குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் உள்ளே போன பிறகும் சாவியைத் திருப்பி வானை நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. முள் நடுவிலேயே நின்றது.