லிஃப்டில் அவர் சொல்லாதது

1

இந்தக் கதை ஒரு பென்சில் குறிப்பிலிருந்து தொடங்கியது. குறிப்பு என்னுடையது, அது எழுதப்பட்ட தாள் என் மகளுடையது. தாளின் கடைசிப் பத்திக்குப் பக்கத்தில், "இங்கே ஏதாவது நடக்க வேண்டும்" என்று எழுதினேன்.

நான் ஒரு பதிப்பகத்தில் வாசகனாக வேலை பார்க்கிறேன். தபாலில் வரும் பிரதிகளைப் படித்து, எதை அச்சிடலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று சொல்வது என் வேலை. இருபத்திரண்டு வருடங்களில் அந்த வாக்கியத்தை ஆயிரம் ஓரங்களிலாவது எழுதியிருப்பேன். கை தானாக எழுதிவிடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நானாக எதையாவது கூட்டிப் பார்த்தால் அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவேன். எழுதியவருக்குப் பிடித்தால் அடைப்பை மட்டும் நீக்கிவிட்டு வைத்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லையென்றால் மொத்தமாகத் தூக்கிப் போடலாம். இந்தக் கதையிலும் அப்படியே செய்கிறேன். சதுர அடைப்புக்குள் இருப்பவை நடக்காதவை. மற்றவை நடந்தவை.

2

எழுதி விட்டுவிட்ட தொடக்கங்கள்:

அன்று காலையிலிருந்தே மழை. ஜன்னலோரத்தில் என் மகள்

(மழை பெய்யவில்லை. [பெய்தது.] பாருங்கள், எவ்வளவு சுலபம்.)

நூறு பேர் விண்ணப்பித்தால் நான்கு பேரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் சில இருக்கின்றன. மற்ற தொண்ணூற்றாறு பேரும்

(இது பத்திரிகைக் கட்டுரை. மற்ற தொண்ணூற்றாறு பேரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?)

என் மகளுக்குப் பதினேழு வயது. அவளைப் போல

(அவளைப் போல யாரும் இல்லை என்று முடிக்க நினைத்தேன். விண்ணப்பப் படிவங்களில் எல்லா அப்பாக்களும் எழுதுவது இதுதான்.)

சரி, குளிர்பதனப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். அதன் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆறு பல்கலைக்கழகங்கள், ஆறு கடைசித் தேதிகள், ஆசிரியர்களிடம் வாங்க வேண்டிய பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் கட்டம் போட்டு எழுதப்பட்டிருந்தன. கட்டம் போட்டவள் என் மனைவி. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். வீட்டில் உப்பு டப்பாவுக்கும் தேதியோடு லேபிள் உண்டு. பால் எடுக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் அந்த ஆறு பெயர்களைப் படித்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். நான்கு மாதம் அப்படித்தான் பால் எடுத்தோம்.

ஆறு இடங்களுக்கும் ஒரே கட்டுரை போதும். அறுநூற்றைம்பது சொற்களுக்குள், உன்னை மாற்றிய ஒரு நிகழ்ச்சியை எழுது.

3

மகள் எழுதியது இது. சுருக்கிச் சொல்கிறேன். சுருக்குவதும் ஒரு வகைத் திருத்தம்தான், தெரியும்.

நாங்கள் எட்டாவது மாடி. சென்ற வருடம் ஒரு நாள் மாலை மின்சாரம் போய், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே அவளும், ஐந்தாவது மாடிக்காரர் ஒருவரும். அவர் கையில் ஜன்னல் திரை மாட்டும் நீளமான கம்பி. நாற்பத்தொரு நிமிடம். அவர் ஒன்றும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. முதலில் பயந்தாள். பிறகு காது திறந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. கம்பியின் நுனி சுவரில் உரசியது. இரண்டு பேருடைய மூச்சும் கொஞ்ச நேரத்தில் ஒரே தாளத்துக்கு வந்து, மறுபடி விலகியது. சத்தம் எப்படிப் பிறக்கிறது, எப்படிச் சாகிறது என்பதைப் படிக்க வேண்டும் என்று அவள் தீர்மானித்தது அங்கேதான். கதவு திறந்ததும் அவர் கம்பியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அவள் முதலில் போகட்டும் என்று கை காட்டினார்.

அவ்வளவுதான். கடைசி வாக்கியம்: "ஒருவரும் எதையும் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது."

எழுத்துப்பிழை மட்டும் பார்க்கச் சொல்லித்தான் கொடுத்தாள். பிழை ஒன்றும் இல்லை. பென்சில் கையிலேயே இருந்தது.*

* வீட்டில் எனக்குப் பட்டப்பெயரே பென்சில்தான். "பென்சில் எந்திரிச்சாச்சா?" என்று மனைவி கேட்பாள்.

4

குறிப்பைப் பார்த்ததும் மகள் கேட்டாள்.

"ஏதாவது நடக்கணும்னா, என்ன நடக்கணும்?"

"தெரியல. அந்த ஆள் ஏதாவது சொல்லலாம்."

"அவர் ஒண்ணுமே சொல்லலையேப்பா. அதுதானே கட்டுரையே."

"சரி, அப்படியே அனுப்பு."

அனுப்பினாள். ஐந்து இடங்களுக்கு. ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. எல்லாமே மரியாதையான கடிதங்கள். நானே அந்த மாதிரிக் கடிதங்களை எழுதுகிறவன் என்பதால் எந்த வரி யாருக்கும் பொருந்தும், எந்த வரி அவளுக்கென்று எழுதியது என்று தேடினேன். அவளுக்கென்று எழுதியது பெயர் மட்டும்தான். மனைவி குளிர்பதனப் பெட்டித் தாளில் ஐந்து கட்டங்களிலும் கோடு இழுத்தாள், அளவுகோல் வைத்து.

ஆறாவதற்குக் கடைசித் தேதி இன்னும் நான்கு நாள். மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டுரையைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு,

"அந்த ஆள் என்ன சொல்லணும்ப்பா? நீயே எழுதிக் காட்டு."

"வேணாம்மா."

"சும்மா உதாரணத்துக்கு."

எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

[முப்பதாவது நிமிடத்தில் அவர் மெல்லச் சொன்னார்: "என் பொண்ணு இருந்திருந்தா உன் வயசுதான் இருக்கும்." நான் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு இருந்த மௌனம் முந்தைய மௌனமாக இல்லை.]

அவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"அடப்பாவி. நல்லா இருக்குப்பா."

உண்மையிலேயே நன்றாக இருந்தது. இரண்டு மௌனங்களுக்கும் உள்ள வித்தியாசம் என்ற இடம், ஒலியைப் படிக்க விரும்பும் பெண்ணுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அவள் தொடக்க அடைப்பை அழித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு அடைப்பையும் அழித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கதையில் நான் செய்ததெல்லாம் அதுதான்.

மூன்று வாரம் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

5

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம் வருகிறது. கம்பிக்காரர். அவரை நான் அதுவரை சரியாகப் பார்த்ததுகூட இல்லை. அவர் துயரத்தை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது நான் செய்தது.

அழைப்பு வந்த வாரம், மூன்று பேரும் வெளியே கிளம்பினோம். எட்டாவது மாடியில் லிஃப்டில் ஏறினோம். ஐந்தில் நின்றது. கம்பிக்காரர் ஏறினார், மகள் கண்ணைக் காட்டியதில் தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஒரு பெண், முதுகில் பை, கையில் பாதி கடித்த ஆப்பிள்.

"அப்பா, என் சார்ஜர எடுத்தியா?"

"நீதானே எடுக்கறேன்னு சொன்ன?"

"போச்சு. ஹாஸ்டல்ல எவளும் தர மாட்டா."

பதினெட்டு வயது இருக்கும். ஐந்தாவது மாடியிலிருந்து தரைத்தளம் வரை, நான் சாகடித்த பெண் ஆப்பிள் கடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தேன். என் மகள் லிஃப்டின் கதவையே பார்த்தாள். கதவு திறந்ததும் அவர் ஒதுங்கி நின்று, நாங்கள் முதலில் போகட்டும் என்று கை காட்டினார்.

[மகள் அழுதாள்.] அழவில்லை. தெருவுக்கு வந்ததும் அவளே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மனைவி நடந்துகொண்டே கேட்டாள். சிக்னலில் நின்றபோது என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, லேப்ல ஒரு ரிப்போர்ட் சப்புனு இருக்குன்னு நான் கொஞ்சம் சர்க்கரைய கூட்டிப் போட்டா சும்மா விடுவாங்களா?"

"அது உதாரணத்துக்குத்தான்..."

"நல்ல உதாரணம். அடுத்த வீட்டுப் பொண்ணக் கொன்னு நம்ம பொண்ணுக்கு சீட்டு."

"அம்மா, அடைப்ப எடுத்தது நான்."

"உன்கிட்டயும்தான் பேசறேன். இன்னிக்கே எழுதிடு. தப்பா போயிடுச்சுன்னு."

"எழுதுனா கூப்பிட்டதையே வேணாம்னுடுவாங்க. இது ஒண்ணுதான்மா மிச்சம்."

"அப்போ என்ன பண்ணப் போற?"

பச்சை விழுந்தது. "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மகள் முதலில் கடந்தாள்.

6

நேர்காணல் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, திரை வழியாக. அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து இப்போது பாலம் கட்டும் பொறியாளராக இருக்கும் ஒரு பெண்மணி பேசுவார் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் என்னால் முடிந்த உதவிகளைச் செய்தேன். சட்டையைத் தேய்த்தேன். மேசையை ஜன்னல் பக்கம் திருப்பினேன். கேமரா கண் உயரத்துக்கு வர வேண்டும் என்று, மடிக்கணினிக்கு அடியில் பதிப்பகம் திருப்பி அனுப்பவிருந்த இரண்டு தடித்த நாவல் பிரதிகளை வைத்தேன்.

"யாருதுப்பா இது?"

"ரெண்டு பேரு. ஒருத்தர் பதினோரு வருஷமா எழுதியிருக்கார்."

"இதுலயும் ஓரத்துல எழுதிட்டியா?"

"முந்நூறாம் பக்கத்துல."

அவள் பிரதிகளின் விளிம்பை ஒரு தடவை தட்டிச் சமமாக்கினாள். பிறகு என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் கதவுக்கு வெளியே, செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்தேன்.

கதவு மெல்லியது. பொறியாளரின் குரல் தெளிவாகவே கேட்டது. எந்தப் பாடம் பிடிக்கும், ஏன், இதற்கு முன் எதிலாவது தோற்றுப்போனது உண்டா. மகள் சரளமாகப் பதில் சொன்னாள். இருபத்தைந்தாவது நிமிடம்போல அந்தக் கேள்வி வந்தது.

"லிஃப்டில் அந்த மனிதர் தன் மகளைப் பற்றிச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். நான் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தேன். அந்த நேரத்தில் உனக்கு என்ன தோன்றியது?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

இருபத்திரண்டு வருடமாகப் பிரதிகளைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறவன் நான். மோசமானவற்றையும் விட்டதில்லை. அன்று எழுந்தேன். செருப்பு மாட்டாமல் வாசல் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, வெளியே வந்து, லிஃப்டின் பொத்தானை அழுத்தினேன்.

ஐந்தில் நின்றது. கம்பிக்காரர்தான். இந்த முறை கையில் காலிப் பை. என் வெறும் காலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறி சுற்றியது. பையின் கைப்பிடி லேசாகக் கிறீச்சிட்டது. அவர் மூச்சு விடுவது கேட்டது, பிறகு என்னுடையது. தரைத்தளத்தில் அவர் ஒதுங்கிக் கை காட்டினார்.

மகளின் கடைசிப் பத்தியில் எதுவும் நடக்க வேண்டியிருக்கவில்லை.

7

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

[அவள் உண்மையைச் சொன்னாள். பொறியாளர் நெகிழ்ந்துபோய், "இந்த நேர்மைக்காகவே உன்னைச் சிபாரிசு செய்கிறேன்" என்றார்.] உண்மை சொன்னால் பரிசு கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

[அவள் உண்மையைச் சொன்னாள். பொறியாளர் நன்றி சொல்லி, ஏதோ குறித்துக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.]

[அவள் நான் எழுதியதையே சொன்னாள், என்னைவிட நன்றாக. அந்த இரண்டாவது மௌனத்தைப் பற்றிப் பேசும்போது அவள் குரல் சரியான இடத்தில்

மூன்றாவதை முடிக்க முடியவில்லை. நன்றாக வந்துகொண்டிருந்ததுதான் காரணம்.

பல்கலைக்கழகத்தின் பதில் பிறகு வந்துவிட்டது. ஆறாவது கட்டத்தில் மனைவி போட வேண்டியதைப் போட்டுவிட்டாள். அது என்னவென்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அவள் அந்த அறையில் என்ன சொன்னாள் என்று தீர்மானித்துவிடுவீர்கள். அந்தக் கணக்கு தப்பு. உண்மையைச் சொன்னவளுக்கு இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பொய் சொன்னவளுக்கும் அதேதான்.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அரை மணி நேரம் கழித்துப் படியேறி வீட்டுக்கு வந்தேன். எட்டு மாடி. மகள் சமையலறையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா போன? கதவ தொறந்தா ஆளே காணோம்."

"கீழ."

"செருப்புகூட போடாமலா?"

"ம்."

டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். காத்திருந்தாள். குழாய் ஒரு சொட்டு விட்டது.

"கேக்க மாட்டியா?"

"மாட்டேன்."

ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். இன்றுவரை கேட்கவில்லை. இதை எழுத அனுமதி கேட்டபோது அவள் போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான்: "நான் சொன்னத மட்டும் நீ எழுதக் கூடாது." தெரியாததை எழுத மாட்டேன் என்றேன். "நீயா?" என்றாள்.

மிச்சம் இருப்பது ஒரே வரி. அடைப்பை நீக்குவதோ மொத்தமாகத் தூக்கிப் போடுவதோ உங்கள் கையில். நான் இந்த முறை பார்த்துக்கொண்டு நிற்கக்கூட மாட்டேன்.

[அவள் சிரித்தாள்.]