வீடியோவில் இல்லாத பேனா

அழுகின காய்கறியைத் தொட்டுவிட்டால் கையைக் கழுவிக்கொள்ளலாம். என் தங்கையின் வீடியோவுக்குக் கீழே வருகிற கமெண்டுகளைப் படித்தால் எதைக் கழுவுவது என்று தெரியவில்லை.

அவள் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறாள். சிறு வயதிலிருந்தே திக்குவாய். கடைக்குப் போய் ஒரு சோப்புக் கேட்கவே பயந்தவள், கேமரா முன்னால் நின்று வாயைத் திறந்தாளே, அன்றைக்கு என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். வேலை முடிந்து வந்து, அவள் திக்குகிற இடங்களையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு வீடியோவைப் போடுவேன்.

சில மாதங்களாக ஒருத்தன் அவளைப் பிடித்துக்கொண்டான். ட்ரோல்தான், சந்தேகமே இல்லை. முகத்துக்குப் பதில் ஒரு சிங்கப் படம். சொந்தமாக ஒரு பதிவுகூடக் கிடையாது. பாடத்தைப் பற்றி மூச்சு விடமாட்டான். அவள் மூஞ்சி, அவள் உதடு, இதே பேச்சு. "இந்த மூஞ்சியப் பாத்தா பிள்ளைங்களுக்குக் கணக்கு வருமா, வாந்தி வருமா?" பிளாக் செய்தால் வேறு பெயரில் இன்னொரு சிங்கம் வந்து நிற்கும்.

"பதில் சொல்லாதம்மா. சொன்னா அவனுக்குக் குஷியாயிடும்" என்று என் கணவர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துச் சொல்வார். சோபாக் கடையில் மேற்பார்வையாளர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். தங்கமான மனுஷன் என்று நானே பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை பின்னம் எடுத்தோம். "பகுதி" என்ற சொல்லில் மாட்டிக்கொண்டாள். அந்தப் பதற்றத்தில் பேனா கைநழுவி, உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து எடுத்து மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அந்த இடத்தை முழுசாக வெட்டிவிட்டுத்தான் போட்டேன். பார்ப்பவர்களுக்குத் தெரிவது வெள்ளைப் பலகையும் அவளும் மட்டும்தான். அறையில் கட்டில் இருப்பதே தெரியாது.

மத்தியானம் சிங்கம் வந்தது.

"பேனா கட்டிலுக்கு அடியில போனா வாயும் கூடவே போயிடுமா டீச்சர்? ப-ப-ப-பகுதி."

தங்கை மொபைலைக் கவிழ்த்து வைத்தாள். "போதும்க்கா. சேனல மூடிடறேன். இனிமே நான் பேசல."

காலையில் வீட்டில் இருந்தது மூன்றே பேர். மூன்றாவது ஆள் கதவோரம் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். பேனா உருண்டபோது "மெதுவாம்மா, அவசரமில்ல" என்று சொன்னதும் அவர்தான். ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தேன்.

சாயங்காலம் அவர் உள்ளே நுழைந்ததும் கையை நீட்டினேன். "உங்க மொபைலக் குடுங்க."

"எதுக்கு?"

"அந்தச் சிங்கத்தைப் பாக்கணும். கட்டில் இருக்கறது வீடியோவுல தெரியாதுங்க."

முதலில் முழித்தார். பிறகு, நம்பமாட்டீர்கள், சிரித்தார். "சும்மா விளையாட்டுக்கும்மா. வீட்ல எப்பப் பாரு அவ பேச்சுதான். கடைக்கு வர்றவங்ககூட, டீச்சரோட அத்தானான்னு கேக்குறாங்க. எனக்குன்னு ஒரு பேரு இல்லையா?"

இதற்குத்தானா? இந்த அற்பத்துக்கா ஒரு பெண்ணை அழ அழ வைத்து, பிறகு தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார்?

தங்கை எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. தன் மொபைலில் அந்தக் கமெண்டை எடுத்து, அவர் முகத்துக்கு நேராக நின்று வாய்விட்டுப் படித்தாள். "பேனா கட்டிலுக்கு அடியில..." கடைசிச் சொல்லில் நிஜமாகவே மாட்டிக்கொண்டாள். ப... ப... கழுத்து நரம்பு புடைத்தது.

"விடும்மா, பகுதின்னு..." என்று அவர் எடுத்துக்கொடுத்தார்.

"நீங்க சொல்லாதீங்க, அத்தான். நானே சொல்லிக்குவேன்."

சொன்னாள். நேரமாயிற்று, ஆனால் சொன்னாள். "நாளைக்கு அடுத்த பாடம் எடுக்கறேன்க்கா" என்றாள் என்னிடம். "இவர நான் பிளாக் பண்ணிட்டேன். நீ என்ன பண்ணப்போற?"

"நான் உன் புருஷன்மா" என்றார் அவர், என் தோளில் கைவைத்து.

கையைத் தட்டிவிட்டேன். அலமாரியைத் திறந்து அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசலுக்கு வெளியே போட்டேன். துவைத்த சட்டைகள்தான். தொடவே கூசியது.