பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி

என் மனைவியின் அக்கா ஒதீலியா ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் நின்றபோது பிரசார வேனை ஓட்டியவன் நான்தான். நான் ரொட்டி போடப் போகிற அதே வேன். காலையில் கடைகளுக்கு ரொட்டி இறக்கிவிட்டு, வேனின் இரண்டு பக்கமும் அக்காவின் முகம் அச்சடித்த சுவரொட்டியை ஒட்டி, கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கிளம்புவோம்.

எங்கள் ஊர் அல்கார்வேலா போர்ச்சுகலின் விளிம்பில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்பெயின். தோரெமிரா ஊரின் பெரிய ஆஸ்பத்திரி எங்கள் தேவாலயப் படியில் நின்றாலே கண்ணுக்குத் தெரியும். ஆனால் எங்களுக்கு என்று ஒதுக்கிய ஆஸ்பத்திரி மலையைச் சுற்றிக்கொண்டு போகிற மாவட்டத் தலைநகரில் இருந்தது. எங்கள் ஆம்புலன்சின் காப்பீடு பாலத்தின் நடுவோடு முடிந்துவிடும். அதில் வரும் செவிலியின் உரிமமும் அப்படித்தான். அவசரம் என்றால் ஸ்பெயின்காரர்களின் வண்டியைப் பாலத்தின் நடுவுக்கு வரச்சொல்லி, அங்கே நோயாளியை மாற்றிவிட வேண்டும். வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அக்கா ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. ஒரு குளிர்காலத்தில் மதில்தே என்ற சிறுமிக்கு வகுப்பிலேயே மூச்சுத் திணறல் வந்தது. அவளை மடியில் சாய்த்துக்கொண்டு ஆம்புலன்சில் போனவர் அக்காதான். பாலத்தில் வண்டி நின்றது. எதிர்ப்பக்கத்து வண்டி வருவதற்குள் அந்தப் பிள்ளை அங்கேயே இறந்துபோனாள்.

அதற்குப் பிறகுதான் அக்கா அரசியலுக்கு வந்தார். சுயேச்சையாக நின்று ஊர் மன்றத்தில் உறுப்பினரானார். ஒவ்வொரு கூட்டத்திலும் பாலத்தைப் பற்றியே பேசினார். அது இரண்டு அரசாங்கங்களின் விஷயம் என்றார் மேயர். அரசாங்கத்தைக் கேட்டால் பிரஸ்ஸல்ஸில்தான் கேட்க வேண்டும் என்றார்கள். பிரஸ்ஸல்ஸில் கேட்டால், மருத்துவம் அந்தந்த நாட்டின் சொந்தப் பொறுப்பு என்று பணிவாகப் பதில் வந்தது. அப்படியானால் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுகிறேன் என்று அக்கா கிளம்பினார். பெரிய கட்சி எதுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெயரே தெரியாத ஒரு சின்னக் கட்சி இடம் கொடுத்தது.

அந்த வசந்தம் முழுக்க மழை. சந்தைத் திடல்களில் ஆளே இல்லை. அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு, கோழி விற்கிறவர்களிடமும் பன்றித்தொடை விற்கிறவர்களிடமும் பேசினார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு விலை சொன்னார்கள். கட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, செத்துப்போன பெண்ணின் படத்தைக் கொடுங்கள், சுவரொட்டியில் போடலாம் என்றார். முடியாது என்று அக்கா வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் கூட்டத்துக்கு ஒரு ஈ காக்காய் கூட வராத ஒரு நாளில், மதில்தேயின் அம்மா வீட்டுத் தெருவில் வேனை நிறுத்தச் சொன்னார் அக்கா. பிள்ளையின் படத்தைக் கேட்க இறங்கிப்போய் வாசலில் நின்றார். அழைப்பு மணிக்குக் கை போயிற்று. அழுத்தவில்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன பொம்பள நான்," என்றார். "வண்டிய எடு தம்பி."

எங்கள் ஊர்க் காப்பிக்கடை கிரினு என்பவருடையது. மேயரின் கட்சிக்காரர், வாய் ஓயாதவர். அக்கா உள்ளே நுழைந்தாலே ஆரம்பித்துவிடுவார்.

"என்ன டீச்சர், பிரஸ்ஸல்ஸ் போயி எங்களுக்கு இருமல் மருந்து வாங்கிட்டு வரப் போறீங்களா?"

"உனக்கு மருந்து எதுக்கு கிரினு, அந்தப் பிராந்தி கிளாஸ கீழ வச்சாலே போதும்," என்பார் அக்கா. கடையே சிரிக்கும். சிரித்தவர்களில் ஒருவர்கூட ஓட்டுப் போடுகிறேன் என்று சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு. அதற்கு முந்தைய நாள் எங்கள் நாட்டில் பிரசாரமே கூடாது. ஒரு சின்னத்தைக்கூட வெளியே காட்டக்கூடாது. சுவரொட்டிப் பசை வேனை விட்டு வர மறுத்ததால், அதைத் தார்ப்பாயால் மூடிக் கொட்டகையில் நிறுத்தியிருந்தேன்.

சனிக்கிழமை மதியம் அக்கா கூப்பிட்டார். கிரினு கடைக்குள் விழுந்துவிட்டாராம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கொட்டுகிறதாம். அவர் மனைவி தெயோலிந்தா அவசர எண்ணுக்குச் சொல்லிவிட்டாள். ஆனால் தீயணைப்பு நிலையத்தில் நிற்கிற எங்கள் ஊரின் ஒரே ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு மலைப்பாதையில் போயிருக்கிறது. அடுத்த ஊர் வண்டிதான் வர வேண்டும்.

"வேன எடுத்துட்டு வா," என்றார்.

"அக்கா, அதுல உங்க மூஞ்சி ஒட்டியிருக்கு. இன்னிக்கு வெளிய எடுத்தா..."

"தெரியும். எடுத்துட்டு வா."

ரொட்டித் தட்டுகளை வெளியே வீசிவிட்டு, மாவு படிந்த தரையில் கிரினுவைக் கிடத்தினோம். தெயோலிந்தா அவர் காலடியில் உட்கார்ந்தாள், அக்கா தலையை மடியில் வாங்கிக்கொண்டார். ஏற்றும்போது கிரினு கண்ணைத் திறந்து வேனின் பக்கவாட்டைப் பார்த்தார்.

"இன்னிக்குப் பிரசாரம் பண்ணக்கூடாதே டீச்சர்," என்றார். குரலே வரவில்லை.

கடைத்தெரு வழியாகத்தான் பாலத்துக்குப் போக முடியும். சனிக்கிழமைக் கூட்டம் ஒதுங்கி நின்று பார்த்தது. பாலத்தின் நடுவில் அக்காவின் கை பின்னாலிருந்து வந்து என் தோளை இறுக்கியது. நகம் சட்டைக்குள் இறங்கியது.

"நிறுத்தாத தம்பி. யாரு கை காட்டினாலும் நிறுத்தாத."

தோரெமிராவில் ஒருவரும் காகிதம் கேட்கவில்லை. அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அடைத்திருந்த ரத்தக்குழாயைத் திறந்துவிட்டோம், பிழைத்துக்கொள்வார் என்று பிறகு ஒரு மருத்துவர் வந்து சொன்னார். அக்கா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் திரும்புவதற்குள் வேனின் படம் ஊர் முழுக்கத் தொலைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. பிரசாரம் கூடாத நாளில் தன் முகத்தைக் கடைத்தெருவில் ஊர்வலம் விட்டாள் என்று எழுதியிருந்தார்கள். சாகக் கிடந்த ஒருவனை வைத்து ஓட்டுக் கேட்டாள் என்றும் எழுதியிருந்தார்கள். மேயரின் கட்சி புகார் கொடுத்தது. அது பின்னால் வெறும் எச்சரிக்கையோடு முடிந்தது. ஆனால் மறுநாள் எங்கள் ஊரிலேயே அக்கா மூன்றாவதாகத்தான் வந்தார். கட்சிக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு விவசாயி அக்காவின் கதவைத் தட்டினார். அப்பாவுக்கு வாய் கோணிக்கொண்டது, உங்கள் வேன் கிடைக்குமா என்றார். போனோம். அதற்குப் பிறகு பனிக்குடம் உடைந்த ஒரு பெண். தேனீ கொட்டி முகம் வீங்கிய ஒரு பையன். அக்காவுக்கு ஓட்டுப் போடாதவர்கள்தான் பெரும்பாலும். அவசர எண்ணுக்கு முன்னால் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் செவிலி இல்லை, என்னிடம் பிராணவாயுகூட இல்லை என்று அக்கா ஒவ்வொருவரிடமும் சொல்வார். சொல்லிக்கொண்டே மேல்கோட்டை மாட்டுவார். சாப்பாடு இறங்கவில்லை. பாடம் நடத்தும்போதுகூடத் தொலைபேசியை மேசைமேல் வைத்துக்கொண்டார்.

இலையுதிர் காலத்தில் கொத்தனார் ஃபவுஸ்தினு எங்கள் வேனில் இறந்தார். பாலத்துக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. அக்காவின் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். அவர் மகள் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள்.

திரும்பும்போது அக்கா சொன்னார்: "அவ என்னத் திட்டியிருக்கலாம் தம்பி. ஆம்புலன்சுக்குக் காத்திருந்தா பொழைச்சிருப்பாரோ என்னவோ. எனக்குத் தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

மறுநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்குப் போனார். சார்ஜன்ட் வால்தெமார் எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"என் மேல ஒரு கேஸ் எழுதுங்க," என்றார் அக்கா. "உரிமம் இல்லாம நோயாளிங்களை எல்லை தாண்டி ஏத்திட்டுப் போறேன். நேத்து ஒருத்தர் செத்தும் போயிட்டார்."

வழக்கு நடந்தால் எங்கள் நீதிபதி, இந்த எல்லைத் தடை சரிதானா என்று ஐரோப்பிய நீதிமன்றத்தைக் கேட்க வாய்ப்பிருக்கிறது என்று ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். அக்காவுக்கு மிச்சமிருந்த கதவு அது ஒன்றுதான்.

வால்தெமார் பேனாவை எடுக்கவில்லை. "எழுதினா வேனைப் பிடிச்சு வைக்கணும் டீச்சர். போன மாசம் என் மாமியார யாரு கொண்டுபோனது?"

"நான்தான். அதையும் சேத்து எழுதுங்க."

"சரி, எழுதிடறேன். நாளைக்கு யாராவது விழுந்தா?"

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எழுதலைன்னா நாளைக்கும் நான்தான் போகணும்," என்றார். "அதுக்கு அடுத்த நாளும். எல்லாரும் நான் இருக்கேன்னு நிம்மதியா இருக்காங்க வால்தெமார். மேயர் நிம்மதியா இருக்கார். பிரஸ்ஸல்ஸ் நிம்மதியா இருக்கு. இன்னொருத்தர் உயிர என் மடியில வச்சுக்க என்னால முடியாது."

வால்தெமார் பேனாவை எடுத்து எழுதினார். நான் சாவியைக் கொடுத்தேன்.

கிரினு தானே காவல் நிலையத்துக்குப் போய், தன்னையும் சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். அதனால் அவருடைய கட்சி அவரை விலக்கிவிட்டது. வழக்கு இப்போது மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறது. மேலே போகுமா, எப்போது போகும் என்று வக்கீலால் சொல்ல முடியவில்லை. நான் அண்ணனின் காரில் ரொட்டி போடுகிறேன்.

தொலைபேசி இன்னும் அடிக்கத்தான் செய்கிறது. அக்கா எடுத்து, வேன் இல்லை, அவசர எண்ணைக் கூப்பிடுங்கள் என்கிறார். சிலர் அழுகிறார்கள், சிலர் வையவும் வைகிறார்கள். தொலைபேசியை வைத்துவிட்டு அக்கா மேல்கோட்டை மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தே போகிறார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்கிறார். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்வரை அங்கேயே இருக்கிறார்.