வாட்ச் கட்டாதவள்

பாண்டிச்செல்வியைக் கள்ளி என்று சுதீர் தன் வாயால் சொல்லவில்லை. படித்தவனாயிற்றே, சொல்வானா? "எண் முந்நூற்றுப் பதினெட்டு, திரும்பும் இடத்தைத் தொடாமல் வந்ததால் நீக்கப்படுகிறார்" என்று மைக்கில் மலையாளத்தில் வாசித்தான், அவ்வளவுதான். மீதியைக் கொச்சி மட்டாஞ்சேரி பஜார் பார்த்துக்கொண்டது.

சுதீர் ஆடிட்டர். அவன் தாத்தா காலத்திலேயே பாலக்காட்டிலிருந்து வந்து இங்கே வீடு வாசல் என்று ஊன்றிவிட்ட தமிழ்க் குடும்பம். வருஷா வருஷம் மாரத்தான் நடத்துகிற கிளப்புக்கு அவன்தான் செயலாளர். செல்வி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். பதினோரு வருஷமாகச் சுக்குக் கோடவுனில் முறத்தோடு உட்கார்ந்து தரம் பிரிக்கிறாள். மடங்கியே கிடக்கிற காலை நீட்டலாமே என்று விடியற்காலையில் ஓட ஆரம்பித்தவள், ஓட்டத்தில் ருசி கண்டுவிட்டாள். போன வருஷம் நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் ஓடிப் பெண்களில் இரண்டாவதாக வந்தாள்.

வந்து என்ன புண்ணியம்? இடப்பள்ளியில் ஓட்டம் திரும்புகிற இடத்தில் ரோட்டில் ஒரு பாய் விரித்திருப்பார்கள். அதை மிதித்தால் நெஞ்சில் குத்திய எண் கம்ப்யூட்டரில் பதியும். அன்றைக்கு ஆறு பேருக்குப் பதியவில்லை. ஐந்து பேர் கையில் கட்டியிருந்த வாட்ச்சை நீட்டினார்கள். போன வழியெல்லாம் அதில் கோடு கோடாக இருந்தது, பரிசையும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆறாவது கை செல்வியுடையது. அதில் இரண்டு கண்ணாடி வளையல்கள்தான் இருந்தன.

மறுநாளே சாயாக்கடை விஸ்வநாத் சேட்டன் சிரித்துக்கொண்டே கேட்டார்: "செல்வீ, இடப்பள்ளி போகாம பாதியிலேர்ந்தே மெட்ரோவோ, ஆட்டோவோ?" கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிப்பையாவது பொறுக்கலாம். கோடவுன் மேஸ்திரி ரமேஷ்பாபு அந்த வாரத்திலிருந்து சாயந்தரம் கேட்டில் அவள் பையை மட்டும் திறந்து பார்க்க ஆரம்பித்தான். இருபத்திரண்டு பெண்கள் வெளியே போகிறார்கள், ஒரு பைதான் திறக்கிறது! ஓட்டத்தில் ஏமாற்றுகிறவள் சுக்கிலும் கை வைப்பாள் என்று கணக்குப் போட்டிருப்பான் போல. ஒரு வருஷம் தினமும் அந்தப் பையைத் திறந்து காட்டியவளின் வயிறு எப்படி எரிந்திருக்கும்?

இந்த வருஷ ஓட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சுதீர் கோடவுன் வாசலுக்கே வந்தான். கையில் கிளப்பின் வாட்ச்.

"இதைக் கட்டிக்கோ செல்வி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், கேட்டியா? இந்த வருஷமும் ப்ரச்னை வேண்டாம்."

"கட்டணும்னு ரூல்ல எழுதியிருக்கா சார்?"

"அப்படி இல்லை… ஆனா…"

"எழுதலேல்லா? அப்ப கொண்டு போங்க."

அவன் போன பிறகு மூக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். கோடவுனிலேயே வயதில் மூத்தவள் அவள்தான். "ஏட்டி, கட்டித்தான் தொலையேன். ஒரு நாள் கூத்து. கட்டிட்டு ஓடிட்டு அவன் மூஞ்சில வீசிரு."

"கள்ளிதான யக்கா கையக் காட்டணும்? நான் எதுக்குக் காட்டணும்? ஏற்கெனவே இங்க ஒரு ரமேஷ்பாபு தலைக்கு மேல நின்னு எண்ணிக்கிட்டு இருக்கான். ஓடுற இடத்துலயும் ஒரு ரமேஷ்பாபுவக் கையில கட்டிக்கிட்டு ஓடணுமாக்கும்?"

அதுதான் விஷயம். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? தன் உடம்பு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று செல்விக்குத் தெரியும். மூச்சு மூக்கோடு நிற்கும்வரை நாள் பூராவும் ஓடலாம். வாய் திறந்துவிட்டால் ஒரு மணி நேரம். எச்சில் கெட்டியாகிவிட்டால் இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான், அதற்குமேல் கால் சொன்னபடி கேட்காது. இந்தக் கணக்கில் அவள் ஒரு நாளும் ஏமாந்ததில்லை.

அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, கிழக்கு வெளுக்கும் முன்னே பஜாரிலிருந்து ஓட்டம் கிளம்பியது. தோப்பும்படியைத் தாண்டுவதற்குள் பெண்களில் முன்னால் நின்றது இரண்டே பேர். ஒருத்தி ஸ்வர்ணலதா, சுதீரின் கிளப்புக்காரி, பாங்கில் அதிகாரி, போன இரண்டு வருஷமும் முதலாவதாக வந்தவள். அவள் தோளுக்கு அரை அடி பின்னால் செல்வி.

குண்டன்னூர், வைட்டிலா, இடப்பள்ளி. அங்கே விரித்திருந்த பாயைச் செல்வி மிதித்த மிதியில் காவலுக்கு நின்ற பையன் பயந்துபோனான். இரண்டு காலாலும் மிதித்தாள். பதிந்ததற்கு அடையாளமாகப் பெட்டி கீச்சென்றது. "கேட்டுதா? நல்லாக் கேட்டுதா?" என்று கத்திவிட்டுத்தான் திரும்பினாள். ஸ்வர்ணலதா சற்று முன்னால் போயிருந்தாள். செல்வி நாலு எட்டில் மறுபடி அவள் தோளுக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டாள்.

வைட்டிலா மீண்டும் வந்தது, போனது. வெயில் ஏறிவிட்டது. குண்டன்னூர் பாலத்தில் ஏறும்போதுதான் செல்விக்கு ஏதோ உறைத்தது. மூச்சு இன்னும் மூக்கோடுதான் நிற்கிறது. முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடியாகிவிட்டது. போன வருஷம் இதே பாலத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. இப்போது வேண்டுமானால் உரக்கப் பாட்டுப் பாடலாம். இது என்ன கூத்து?

அப்போது, வேகம் கூடிப்போனால் எச்சரிக்கிற ஸ்வர்ணலதாவின் வாட்ச் டிக்கென்று ஒலித்தது. ஸ்வர்ணலதா மணிக்கட்டைப் பார்த்தாள், கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாள். செல்வியின் காலும் குறைந்தது. அவள் குறைக்கவில்லை, கால் தானாகவே குறைத்துக்கொண்டது.

அடப் பாவி!

கோடவுனில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் பேசி வைத்ததில்லை, புதிதாக வருகிறவளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதும் இல்லை; பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டே நாளில் வந்துவிடும். எவளும் பக்கத்துக்காரியை முந்தக் கூடாது. ஒருத்தி ஒரு நாள் ஏழு மூட்டை பிரித்துவிட்டால் போதும், மறுநாள் ரமேஷ்பாபு ஏழையே எல்லாருக்கும் கணக்காக்குவான். ஏழு முடியாதவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதலில் போகிறவள் மூக்கம்மாளாகத்தான் இருப்பாள். அதனால் இருபத்திரண்டு முறமும் மூக்கம்மாளின் கை போகிற வேகத்திலேயே போகும். செல்வி அவளுக்குப் பக்கத்து இடம். பதினோரு வருஷம் அந்தக் கையை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்களோடு நின்றுவிட உடம்பு பழகிவிட்டது.

வாட்ச் வேண்டாம், என் உடம்பே சொல்லும் என்று என்ன வீறாப்பு பேசினாள்! இரண்டரை மணி நேரத்துக்கு மேலாக அடுத்தவள் வாட்ச்சுக்கு அல்லவா ஓடியிருக்கிறாள்! காசு கொடுத்து வாங்கியது அவள், அடி பணிந்தது இவள். வந்ததே கோபம். சுதீர் மேல் வந்த கோபம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மூக்கம்மாளுக்காகக் கையை மெதுவாக விட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒரு கிழவிக்குச் சோறு இருக்கிறது. இந்த ஸ்வர்ணலதாவுக்கு என்ன குறை? இவளை எந்த ரமேஷ்பாபு வீட்டுக்கு அனுப்பப் போகிறான்?

"இவ ஒண்ணும் மூக்கம்மா இல்லட்டி!" என்று தன் காலைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினாள்.

ஸ்வர்ணலதா திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்ன? என்ன சொன்னே?"

"ஒங்கள இல்ல மேடம்" என்று சொல்லிக்கொண்டே செல்வி அவளைத் தாண்டினாள்.

தாண்டுவது லேசாக இல்லை. பக்கத்தில் ஆள் இல்லாமல் போனதும் கால் தத்தளித்தது, எந்த வேகத்தில் போவது என்று தெரியாமல் முழித்தது. பாலம் இறங்கும்வரை ஏதோ பெரிய தப்பு செய்கிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு மூச்சு வாய்க்கு வந்தது. தோப்பும்படியில் எச்சில் பசையானது. வரட்டும், வரட்டும் என்று ஓடினாள். தொடை இரண்டும் எரிந்தன, கண்ணில் உப்பு இறங்கியது, பஜாரில் யார் யாரோ கத்தினார்கள், எதுவும் காதில் ஏறவில்லை. கடைசிக் கயிற்றை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போய் ஒரு மூட்டைக் குவியலின் மேல் விழுந்தாள். மேலே தொங்கிய பெரிய கடிகாரத்தில் மூன்று மணி பத்தொன்பது நிமிஷம்.

ஸ்வர்ணலதா வந்து சேர அதற்குப் பிறகு ஆறு நிமிஷமாயிற்று.

அந்த ஆறு நிமிஷத்தில் மேடையில் கசமுசாவென்று பேச்சு நடந்தது. சுதீர் கம்ப்யூட்டரைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். "எல்லாப் பாயிலயும் பதிஞ்சிருக்கு. ஆனா கடைசிப் பத்து கிலோமீட்டர்ல இந்த வேகம் எப்படி? ஸ்வர்ணலதா வரட்டும், ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஓடியிருக்கா. அவ வாட்ச்சைப் பாத்துட்டு அறிவிச்சாப் போதும்." பேசியது மைக்குக்கு முன்னால் என்பதை மறந்துவிட்டான். பஜார் முழுக்கக் கேட்டது.

மூட்டையின் மேல் கிடந்த செல்விக்கும் கேட்டது. எழுந்தாள்.

அவள் மேடைப்படியில் ஏறும்போது ஸ்வர்ணலதா மூச்சு வாங்க மணிக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். "பாலம் வரைக்கும் என் தோள்லயே ஒட்டிக்கிட்டு வந்தா சுதீர். அப்பறம் போயிட்டா. என்னாலே பிடிக்க முடியலே. வேணும்னா பாருங்கோ." சுதீர் குனிந்து வாட்ச்சைப் பார்த்தான், தலையாட்டினான், திருப்தியோடு மைக்கைக் கையில் எடுத்தான்.

"அறிவிக்காதீங்க சார்" என்றாள் செல்வி.

"நீதானே ஜெயிச்சே? இப்ப எல்லாம் சரியாச்சு. இன்னும் என்ன?"

"என்னத்த சரியாச்சு? பாயக் கேட்டிய. கம்ப்யூட்டரக் கேட்டிய. இந்த மேடத்தோட வாட்ச்சக் குனிஞ்சு கேட்டிய. ஓடுனவ நான் இந்தா நிக்கேன். போன வருசமும் இதே எடத்துலதான் நின்னேன். பாய் சொல்லல, வாட்ச் இல்லன்னு ஊருக்கு முன்னால என் மானத்தை வாங்குனியளே, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எங்கிட்டக் கேட்டியளா?"

அவள் குரல் உடையவில்லை. அழுகை வந்தால்தானே உடைய. கீழே சாயாக்கடை விஸ்வநாத் சேட்டன் நின்றுகொண்டிருந்தார். ரமேஷ்பாபுவும் இருந்தான்.

சுதீர் மைக்கைக் கீழே வைக்கப் போனான். செல்வி அவன் கையோடு சேர்த்து அதைப் பிடித்துக்கொண்டாள். "வைக்காதீங்க. அன்னைக்கு இதுலதான பேசுனிய? இதுலயே கேளுங்க."

"என்ன கேக்கணும்?"

"இடப்பள்ளி வரைக்கும் ஓடுனியான்னு."

சுதீரின் முகம் சிவந்தது. கூட்டத்தைப் பார்த்தான், தப்பிக்க வழி தேடுகிறவன் மாதிரி கம்ப்யூட்டரைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். அவளை அவன் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"போன வருஷம்…" மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனான். "போன வருஷம் நீங்க இடப்பள்ளி வரைக்கும் ஓடினீங்களா?"

"ஓடுனேன்" என்றாள் பாண்டிச்செல்வி.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் எண்பத்து நாலு கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது.