பாஸிலா அழிக்காத வரி

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவள் பாஸிலா. வடமதுரையில் பத்திர ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதிக் கொடுப்பவள். மணிக்கட்டு வலி வந்ததிலிருந்து அவள் டைப் அடிப்பதில்லை. மைக்கில் சொல்வாள், கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும். நானும் இதைப் போனில் வாயால் சொல்லித்தான் எழுதுகிறேன். (அவள் பெயரை மூன்று முறை "பாசி இலை" என்று எழுதியது. திருத்திவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: கருமேகம் சூழ்ந்த அந்தக் காலையில், பழனியம்மாளின் மனத்திலும்...

வேண்டாம். அன்று பளிச்சென்று வெயில்.

இரண்டாம் தொடக்கம்: அய்யலூர்ப் பக்கத்திலிருந்து பழனியம்மாளும் அவள் அண்ணன் பெருமாள்சாமியும் வந்தார்கள். அப்பா விட்டுப்போன முருங்கைத் தோட்டத்தில் தன் பங்கை அண்ணனுக்கே கொடுப்பதாக அவள் விடுதலைப் பத்திரம் எழுதித்தர வேண்டும்.

இது போதும்.

3

பெருமாள்சாமியை வில்லனாக்கப் பார்த்தேன். மீசையை முறுக்கவிட்டேன்.

"அவரு அப்பிடி ஆளில்ல," என்றாள் பாஸிலா. "தங்கச்சிக்கு ஃபேனுக்கடியில சேர் இழுத்துப் போட்டதே அவருதான்."

மீசை முறுக்கு ரத்து.

பாஸிலா மைக்கில் சொல்லிக்கொண்டு வந்தாள்: "எவ்விதத் தூண்டுதலும் இன்றி, முழு மனதுடன்..." அப்போது பெருமாள்சாமி ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வெளியே போனார். பாஸிலா சர்வே நம்பருக்காகப் பட்டாவைப் புரட்டினாள். மைக்கை அணைக்கவில்லை.

திரையைத் திரும்பிப் பார்த்தபோது, "முழு மனதுடன்" என்பதற்குப் பக்கத்தில் இப்படி இருந்தது:

முழு மனசுன்னு யாரு சொன்னா எனக்கு அந்தத் தோட்டம் வேணும்

(பழனியம்மாள் தனக்குத்தானே முணுமுணுத்ததை அது எப்படி எழுதும் என்று கேட்டேன். "அதுக்கு யாரு பேசுறான்னு தெரியாது. காதுல விழுந்தத எழுதும்," என்றாள் பாஸிலா.)

4

ஒரு பட்டனைத் தட்டினால் போதும், அழிந்துவிடும். பாஸிலா குரலைத் தாழ்த்தி அந்த வரியைப் படித்துக் காட்டினாள்.

"அக்கா, நீங்க சொன்னதுதான? அழிச்சிரவா?"

பழனியம்மாள் திரைப் பக்கம் குனிந்து அந்த வரியைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்மா. எங்கண்ணன் வரட்டும். அப்பிடியே வாசி."

பெருமாள்சாமி வந்தார். பாஸிலா முதலிலிருந்து வாசித்தாள். அந்த வரியிலும் குரலை மாற்றவில்லை.

"இத ஏன் வீட்லயே சொல்லல?" என்றார் அவர்.

"நீ கேக்கலையேண்ணே. பத்திரம் எழுதணும், கெளம்புன்னுதான சொன்ன."

அவர் ஜெராக்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இன்னைக்கு வேணாம்மா," என்று பாஸிலாவிடம் சொல்லிவிட்டு எழுந்தார். இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் கிளம்பும்போது பழனியம்மாள் பேசிக்கொண்டிருந்தாள், அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்ன பேசினாள் என்பது பாஸிலாவுக்குக் கேட்கவில்லை.

5

ஒரு முடிவு சொல்லிப் பார்த்தேன்: அடுத்த வாரமே அண்ணன் தோட்டத்தைச் சரிபாதியாக...

இன்னொன்று: அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை...

போன் இரண்டையும் பிழையில்லாமல் எழுதியது. இரண்டையும் அழித்துவிட்டேன். பழனியம்மாளுக்காக மற்றவர்களே பேசி வந்த காலம் போதும். அந்தப் பஸ்ஸில் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் குறுக்கே பேசப் போவதில்லை.