மாரிச்செல்வியின் தெலுங்கு

செல்போனில் தெலுங்கு சொல்லித்தருகிற பெண்ணுக்கு முகத்தில் சிரிப்பு மாறவே மாறாது. "நேனு அன்னம் தின்னானு. நான் சோறு சாப்பிட்டேன்," என்பாள். "நேனு பஜாருக்கி வெள்ளானு. நான் கடைத்தெருவுக்குப் போனேன்." சாயல்குடியில், தன் வீட்டு வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டே மாரிச்செல்வி அதைத் திருப்பிச் சொல்வாள். நடந்து முடிந்ததைச் சொல்லப் பழகுகிற பாடம் அது. ஆனால் அந்தப் பாடத்தில் எல்லாருக்கும் நல்லதே நடந்து முடிந்திருந்தது. சாப்பிட்டார்கள், படம் பார்த்தார்கள், மாம்பழம் வாங்கினார்கள். ஒருத்தனாவது விழுந்தான், வெந்தான் என்று கிடையாது. "தின்னுக்கிட்டே இருங்கடி," என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவளுக்கு வேண்டியது அஞ்சாறு வாக்கியம்தான். வருகிற செவ்வாய்க்கிழமை ஆந்திராவில் விசாரணைக்கு வருகிற ஒரு பெரிய அதிகாரி முன்னால் அதைச் சொல்லியாக வேண்டும்.

அவள் புருஷன் முத்துகிருஷ்ணன் அங்கே கரிமூட்டத்தில் விழுந்து செத்தான். கருவேல விறகை வட்டமாக அடுக்கி, வைக்கோல் போட்டு, மண் பூசி உள்ளே நெருப்பைப் புழுங்கவிட்டுக் கரியாக்குகிற வேலை. பூச்சில் ஓட்டை விழுந்தால் காற்றுப் புகுந்து அத்தனையும் சாம்பலாகிவிடும். ஒருத்தன் மேலே ஏறி மண் அப்பவேண்டும். அன்றைக்கு மூட்டம் ஒரு பக்கமாக உள்வாங்கிக் கிடந்தது. ஏறினால் தாங்காது என்று முத்துகிருஷ்ணன் சொன்னான். ஏறு என்று மேஸ்திரி சொன்னான். மேஸ்திரி வேறு யாருமில்லை, முத்துகிருஷ்ணனின் சித்தப்பா மகன் யோகேஸ்வரன். புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரையும் அங்கே வேலைக்குக் கூட்டிப் போனவனும் அவன்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் அவளுக்காகப் பேசியதும் அவனே. நம்ம ஆள், தெலுங்கு தெரிந்தவன், வேறு யாரை நம்புவது? அவள் அழுதுகொண்டே தமிழில் சொன்னாள், அவன் தெலுங்கில் சொன்னான். சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் கட்டைவிரலை வாய்க்கு நேரே தூக்கிச் சாய்த்துக் காட்டினான். அங்கிருந்தவர்கள் அதானே என்பதுபோலத் தலையாட்டினார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொன்னதில் அப்படி ஓர் இடமே இல்லையே! மூட்டத்துக்குக் கன்னிமூலையில் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுத் தீ வைத்தால், கரியைப் பிரிக்கிறவரை சாராயத்தின் வாசனைகூட ஆகாது அந்த மனிதனுக்கு. "அய்யா, அவரு குடிக்கலய்யா!" என்று கத்தினாள். யோகேஸ்வரன் அவர்களிடம் ஏதோ சொன்னான். ஒரு போலீஸ்காரர் பாவப்பட்டு ஓடிப்போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவளும் வாங்கிக் குடித்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்னையே அறையத் தோன்றும்.

அவள் ஊர் வருமுன்னே அந்தப் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. குடித்துவிட்டு விழுந்தவன் பொண்டாட்டி. போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் ஜோதிகா பையைக்கூடக் கழற்றாமல், "அய்யா குடிப்பாகளாம்மா?" என்று கேட்டது. செத்தவன் வந்து இல்லையென்று சொல்லவா முடியும்?

அடுத்த தெரு சூஃபியா நெல்லூரில் பிறந்து வளர்ந்து இங்கே வாக்கப்பட்டவள். மாரிச்செல்வி நேரே அவளிடம் போனாள். "நான் கூட வந்து சொல்றேன் மாரி, நீ ஏன் கெடந்து கஷ்டப்படுறே?" என்றாள் சூஃபியா.

"வேணாம்க்கா. இன்னொரு வாயி வேணாம். என் வாயில வரட்டும்."

சூஃபியா ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக்கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை என்றால் 'ஆயன தாகலேது'. ஏறமாட்டேன் என்று சொன்னார் என்றால் 'எக்கனு அன்னாரு'. மேஸ்திரி ஏறு என்று சொன்னார் என்றால் 'மேஸ்திரி எக்கு அன்னாரு'.

"அவனுக்கு என்னத்துக்குக்கா 'ரு'? நம்ம 'அவன்' மாதிரி ஒண்ணு இருக்குமே."

"'அன்னாடு'ன்னு வரும். ஆபீசர் முன்னாடி மரியாதையா இருக்கட்டும்னு பாத்தேன்."

"'டு'வே போதும். அதுவே அவனுக்கு அதிகம்."

அல்லாவே என்று சூஃபியா சிரித்தாள். மாரிச்செல்வி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யோகேஸ்வரன் பைக்கில் வந்து இறங்கினான். தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது; பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அவன் வாசலில் நின்றபடியே, "மதினி, செவ்வாக்கெழம நானும் வாரேன்," என்றான். "நீங்க பாட்டுக்குத் தமிழ்ல சொல்லுங்க, நான் எடுத்துச் சொல்லிக்கிறேன். தெலுங்கு படிக்கிறீகளாம்ல? இந்த வயசுல எதுக்கு அந்த வேல? பெரிய ஆபீசர் முன்னாடி தப்புத்தப்பாப் பேசினா சிரிப்பாக."

"சிரிக்கட்டும்."

"சொன்னாக் கேளுங்க மதினி. போனவரு போயிட்டாரு."

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. விளக்கிக்கொண்டிருந்த சட்டியைத் தரையில் வைத்துவிட்டு மாரிச்செல்வி எழுந்து வாசற்படியில் நின்றாள். கையில் சாம்பல் வழிந்தது.

"ஆயன தாகலேது," என்றாள்.

யோகேஸ்வரன் சிரிக்கப் பார்த்தான்.

"ஆயன எக்கனு அன்னாரு. மேஸ்திரி எக்கு அன்னாடு."

"மதினி, மெதுவா..."

அவள் குரலை உயர்த்தினாள். விழுந்ததைச் சொன்னாள், "ஆயன படிப்போயாரு." அலறியதைச் சொன்னாள், "நேனு அரிச்சானு." யாருமே வரவில்லை என்பதைச் சொல்ல வந்தபோது வாக்கியம் தடுமாறியது. நிறுத்தி, மூச்சு வாங்கி, முதலிலிருந்து அதைச் சரியாகச் சொன்னாள். "எவரூ ராலேது."

குழாயடியில் ஒருத்திக்கும் மேஸ்திரி என்பதைத் தவிர ஒரு வார்த்தை விளங்கவில்லை. அவள் அழாமல் சொல்கிறாள் என்பது விளங்கியது. விளங்கிக்கொண்டவன் ஒருத்தன்தான் அங்கே. எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அந்த முகம் வியர்த்திருந்தது.

குழாயடியில் முதல் ஆளாக நின்ற மீனம்மாள் நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"ஏலே யோகேசு," என்றாள். "அவ என்னமோ சொல்றாளே, எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. ஒனக்குத்தான் தெலுங்கு தெரியுமே, கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்."

அவன் பைக் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். பெண்கள் குடங்களைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.